கேங்டாக்கில் போட்ட வெள்ளைத் துணி

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் படிக்க எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். அன்றைக்குப் படத்தின் கீழே ஒரு வரி எழுதக் கூச்சப்பட்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

வில்லியனூரிலிருந்து ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு நானும் என் வீட்டுக்காரரும் கேங்டாக் போனோம். அவர் பிறந்த மீனவ ஊரான பனித்திட்டில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு இதில் சம்மதமில்லை. இவருக்குப் போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. "குளிர்ல மூச்சு நின்னுடும்டா" என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் தன் பட்டன் போனைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அங்கே விடுதிக்கு வருகிறவர்கள் கழுத்தில் வெள்ளைத் துணி ஒன்றைப் போடுகிறார்கள். அது அவர்கள் மரியாதை. அதோடு என்னை நிற்கவைத்து இவர் என் போனில் படம் எடுத்தார். ஆறு படம். எடுத்தது அவர் என்பதால் ஒன்றிலும் அவர் இல்லை. காலையில் அவற்றைக் குடும்பக் குழுவில் போட்டேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. பிறகு மலைமேல் ஏரி பார்க்கப் போனோம். குளிரில் போன் அணைந்துவிட்டது.

சாயங்காலம் சார்ஜ் போட்டதும் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்தன. எல்லாம் பனித்திட்டிலிருந்து. கூப்பிட்டேன்.

"எங்கடி என் தம்பி?" அண்ணியின் குரல் அழுது கட்டியிருந்தது.

"இங்கதான் அண்ணி. டீ குடிச்சிக்கினு இருக்காரு."

"மறைக்காதடி. தோள்ல கோடி போட்டு நிக்கற, பொட்டு இல்ல, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. எங்கள வுட்டுட்டு அங்கயே எடுத்துட்டீங்களா?"

எங்கள் பக்கம் புருஷன் செத்தால்தான் பெண்ணின் தோளில் கோடித் துணி போடுவார்கள். இவர் போனை வாங்கினார்.

"அக்கா, நான்தான். இன்னும் சாவல."

"மூஞ்சிய காட்டுடா."

வீடியோவில் காட்டினார்.

"குல்லாவ எடு."

எடுத்தார். சொட்டைத் தலையைப் பார்த்ததும்தான் அண்ணி நம்பினார். அவருக்குப் பின்னால் பந்தல் போட்டிருந்தது. தலைமுடியை அவிழ்த்துவிட்ட பெண்கள் கூட்டமாக எட்டிப் பார்த்தார்கள். ஊரில் சாவு என்றால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது: "அப்ப காலையில படகு எறக்கலாமாக்கா?"

"எறக்குங்கடா" என்றார் அண்ணி. பிறகு என்னிடம், "அந்தத் துணிய மொதல்ல தூக்கிப் போடுடி" என்றார்.

இவர் சிரித்துக்கொண்டே மிச்ச டீயைக் குடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைத் திறந்து பார்த்தேன். குல்லா நெற்றியை மறைத்திருந்தது. குளிர்காற்றில் கண்ணில் நீர் வழிந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணி சொன்ன பெண்தான் அதில் நின்றாள். காலையில் அதை நானே ஆசையாக அனுப்பியிருக்கிறேன். அழிப்பதற்குள் இரண்டு தடவை போனைக் கீழே போட்டேன்.

மறுநாள் காலை பனித்திட்டில் படகுகள் கடலுக்குப் போனதாகக் குழுவில் செய்தி வந்தது. நாங்கள் மலையிறங்கி ஊருக்கு ரயில் ஏறினோம்.