கூடை இறங்காத பால்கனி

எங்கள் ஆர்க்கிடெக்ட் தொழிலில் பென்சிலைவிட ரப்பர்தான் சீக்கிரம் தேயும். கம்ப்யூட்டர் வந்த பிறகு தேய்வது நாங்கள். வீடு கட்டியோ, கட்டுகிறவரிடம் மாட்டியோ விழி பிதுங்கியவர்களுக்கு இது புரியும்.

பெங்களூரு காக்ஸ் டவுனில் ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. ஓய்வுபெற்ற டீச்சர், தனி ஆள். கூரை ஒழுகி ஒழுகி அலுத்துப்போய், இடத்தை பில்டர் மஞ்சுநாத்திடம் கொடுத்துவிட்டு, வரப்போகும் அபார்ட்மென்டில் தனக்கும் ஒரு வீடு வாங்கிக்கொள்ள முடிவு செய்தார். கட்டடம் தெருவோடு பொருந்தாவிட்டால் கையெழுத்து போட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் கையெழுத்து விழாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

கண்ணாடி

மஞ்சுநாத்துக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும். இரு பக்கமும் ஓட்டு வீடுகள், எதிரே பழைய சர்ச், நடுவில் நம் கட்டடம் மட்டும் கூலிங் கிளாஸ் போட்டு நிற்குமே என்று நான் வாதாடினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எதிர்ல இருக்கிற சர்ச் நம்ம கண்ணாடியில அப்படியே தெரியும் சார். அதுவே ஹெரிடேஜ், அஷ்டே, அவ்வளவுதான்!”

மங்கி டாப்

பழைய வீட்டு ஜன்னல்களுக்கு மேல் மரப்பட்டிகளால் ஆன கூம்புக் கூரை ஒன்று முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் அதற்கு மங்கி டாப் என்று பெயர். எனக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. மிஸ்ஸின் கையெழுத்தைச் சொல்லி மஞ்சுநாத்தை மிரட்டிக் கண்ணாடியை ஒழித்துவிட்ட உற்சாகத்தில் எல்லா மாடியிலும், எல்லா ஜன்னலுக்கும் அதையே வரைந்து மிஸ்ஸிடம் நீட்டினேன். பரீட்சைத் தாள் திருத்துகிற பார்வையோடு மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

“மழை உள்ள அடிக்கக் கூடாதுன்னு வெச்சது தம்பி அது. நீங்க பாத்ரூம் வென்டிலேட்டருக்கும் குல்லா மாட்டியிருக்கீங்களே!”

மதில்

கடைசியில் சண்டை பக்கத்து மதிலில் வந்து நின்றது. இடுப்பளவு மதில். அந்தப் பக்கம் சல்மா ஆன்ட்டி வீடு. ரம்ஜானுக்கு பிரியாணியும், கிறிஸ்துமஸுக்கு மிஸ் சுடும் கல்கலா பலகாரமும் அதன் மேல்தான் பயணம் செய்யும். மஞ்சுநாத்தோ ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே முள்கம்பி போட வேண்டும் என்றார். மிஸ் பேனாவை மூடிவிட்டார். நான் மன்றாடி, மதில் உயராது என்று மஞ்சுநாத்தைச் சம்மதிக்க வைத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சல்மா ஆன்ட்டிக்கு ஒரே நிம்மதி.

“அரே, சுவரு ஒசந்திருந்தா எங்க பிரியாணி மிஸ்ஸோட மூக்குக்கு மட்டும்தான் போயிருக்கும்!”

ஓட்டை

கட்டடம் எழுந்தது. ஓட்டுச் சரிவும் தாழ்ந்த மதிலுமாகத் தெருவில் பாந்தமாக உட்கார்ந்தது. பால்கனிகளுக்குக் கீழிருந்து மேல்வரை தேக்கில் பின்னல் தட்டி அடித்திருந்தேன். போட்டோ எடுக்கப் போனவன் மிஸ்ஸின் இரண்டாம் மாடியை நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். என் தட்டியின் நடுவே சதுரமாக ஓர் ஓட்டை!

யார் வெட்டியது என்று கேட்க மாடியேறினேன். அன்று ரம்ஜான். மிஸ் அந்த ஓட்டை வழியே கயிற்றில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். கீழே மதிலுக்கு அந்தப் பக்கம் சல்மா ஆன்ட்டி பாத்திரத்தோடு காத்திருந்தார். அப்போதுதான் உறைத்தது. எல்லா அபார்ட்மென்டையும் போலத் தரைத்தளம் முழுவதையும் கார்களுக்குக் கொடுத்திருந்தேன். நான் பாடுபட்டுக் காப்பாற்றிய மதிலின் இந்தப் பக்கம் கை நீட்ட ஆளே இல்லை. வெட்கமாக இருந்தது. பிரியாணியோடு கூடை மேலே வர வர சந்தோஷமாகவும் இருந்தது. மிஸ் ஒரு தட்டை எடுத்து எனக்கும் பரிமாறினார்.

“மதிலை நல்லாதான் காப்பாத்துனீங்க தம்பி. என்னைத்தான் மாடியில ஏத்திட்டீங்க. சாப்பிடுங்க, ஆறிடும்.”

பழைய தெருவில் புதுக் கட்டடம் வரையும்போது இப்போதெல்லாம் ஓட்டுக்கும் மங்கி டாப்புக்கும் முன்னால், பால்கனியிலிருந்து கூடை இறங்க நானே வழி விட்டுவிடுகிறேன். எப்படியும் தட்டியை வெட்டத்தானே போகிறார்கள்.