பஞ்சு வைத்த கன்னம்

புற்றுநோய் மருத்துவமனையின் புரோட்டான் கதிர்ப் பிரிவில் அவளை எல்லோரும் 'முகமூடி அக்கா' என்றே அழைத்தனர். கதிர் பாயும்போது தலை அசையாதிருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை நோயாளியின் முகத்தின்மேல் இழுத்து அச்செடுப்பது அவள் வேலை. பதினாறு ஆண்டுகளில் அவள் செய்த மூடி எவர் மூக்கையும் உறுத்தியதில்லை.

அன்று காலை வந்தவர் தொண்டையில் கட்டி கண்ட ஒரு தையற்காரர். முப்பத்துமூன்று நாள் கதிர், அதனுடன் வாரந்தோறும் கீமோ. பதினேழு நாள் கதிர் முடிந்திருந்தது. "அளவுநாடா இல்லாமலே தைக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தாம்மா" என்று நாள்தோறும் வம்பிழுப்பவர், அன்று வாயே திறக்கவில்லை.

மூடி கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் அவளுக்கு இடித்தது. கீமோவால் வாய் புண்ணாகி, சாப்பாடு இறங்காமல் காறையெலும்பு துருத்தி நிற்கிறது. கன்னம் மட்டும் முதல் நாள் போலவே இருக்குமா? மூடியைக் கழற்றினாள்.

"அண்ணா, வாயைத் திறங்க."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"நான் பல் டாக்டர் இல்ல. திறங்க."

கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பஞ்சு உருண்டைகள் வெளிவந்தன.

"மூடி நேத்தே தொளதொளன்னு இருந்துச்சும்மா. லூசானா கதிரை நிறுத்திடுவாங்கன்னு வெளியில பேசிக்கிட்டாங்க. பாதியில விட்டா கட்டி மறுபடி வளந்துடாதா? கோட்டுத் தோள் இறங்கினா பஞ்சு வெச்சுத் தைக்கிற மாதிரி..."

"கோட்டுக்குள்ள தண்டுவடம் இருக்காண்ணா?"

புரோட்டான் கதிர் கணக்கிட்ட ஆழத்தில் நின்றுவிடும். அதுவே அதன் அருமை. வழியிலுள்ள சதை வற்றினாலோ, கட்டியில் நிற்க வேண்டியது அதைத் தாண்டித் தண்டுவடத்தைத் தொடக்கூடும். இதை அவருக்கு விளக்கிவிட்டு, கதிர்க் கணக்குப் போடும் இயற்பியலாளரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எக்ஸ்ரேல எலும்பு பொருந்தினா இன்னைக்குக் குடுத்திடலாமே?" என்றார் அவர்.

"எலும்பு இளைக்காது சார். புது ஸ்கேன் எடுக்காம நான் இவரைப் படுக்க வைக்க மாட்டேன்."

"சரி, ஸ்கேனுக்கு அனுப்புங்க" என்றார்.

அப்போதே புது மூடிக்கு அச்செடுத்தாள், ஸ்கேனும் முடிந்தது. சதை எட்டு மில்லிமீட்டர் வற்றியிருந்தது. கணக்கை மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. கீமோ மட்டும் குறித்த நாளில் ஏறியது. மூன்றாம் நாள் கதிர் தொடர்ந்தது.

"புது மூடி கழுத்துல கொஞ்சம் பிடிக்குதேம்மா."

"பிடிக்கட்டும். இளைச்சா என்கிட்ட சொல்லுங்க, பஞ்சுகிட்ட சொல்லாதீங்க."

மீதிப் பதினாறு நாளும் படுக்கையில் ஏறுமுன் அவர் தாமாகவே வாயை 'ஆ'வென்று திறந்து காட்டினார். வம்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.