மகளுக்கு முதலில் வந்த சொற்கள்

அனந்தபுரம் நிறுத்தம் வருவதற்கு முன் ஊர்ப் பெயரைக் கூவ வாயைத் திறந்தேன். "அந்த... அந்த..." என்று மட்டும் வந்தது. விளையாடுகிறேன் என்று நினைத்து முன் இருக்கைப் பெண்மணி சிரித்தார். என் வலது கையிலிருந்த டிக்கெட் கட்டு நழுவி விழுந்த பிறகுதான் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார்.

செஞ்சியிலிருந்து ஓடும் தனியார் பேருந்தில் பதினொரு வருடம் நடத்துநராக இருந்தேன். குரல்தான் பிழைப்பு. முப்பத்தெட்டு வயதில் பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவது) வரும் என்று நினைத்ததில்லை. புதுச்சேரியில் பன்னிரண்டு நாள் படுக்கை. கால் திரும்பியது. கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. அதற்கு அஃபேசியா (அறிவு தெளிவாக இருக்கும், சொல் மட்டும் வாய்க்கு வராது) என்று மருத்துவர் பெயர் சொன்னார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் கத்திப் பேசாதீர்கள். காது நன்றாகவே கேட்கும்.

என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. அவளிடமும் ஐந்தாறு சொற்கள்தான் இருந்தன. நான் வாய் மூடிய பிறகு வீட்டில் செல்போன் சத்தம் மட்டும்தான். பேச்சுப் பயிற்சிக்காக விழுப்புரம் போனபோது, பயிற்சியாளர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"பாப்பா பேசுறாளா?"

"கம்மிதான் மேடம். போன் குடுத்தா பாத்துக்குனே இருப்பா," என்றாள் என் மனைவி கோமதி.

யாழினியின் காதைப் பரிசோதித்தார்கள், குறையில்லை. பயிற்சியாளர் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்தார். "தினமும் ஒண்ணா உக்காந்து இதப் பாருங்க. 'இது இன்னா, அது இன்னா'ன்னு பரீட்சை வைக்காதீங்க. அவ எதத் தொடுறாளோ அதப் பத்திப் பேசுங்க. அவ ஒரு வார்த்த சொன்னா நீங்க இன்னொண்ணு சேத்துச் சொல்லுங்க. அவசரப்படாம காத்திருங்க." பிறகு என்னிடம் திரும்பினார். "அண்ணா, நீங்களும் கூட உக்காருங்க. ரெண்டு பேருக்கும் இதான் மருந்து."

உட்கார்ந்தோம். முதல் வாரம் யாழினி குரங்குப் படத்தைத் தொட்டு "கொங்கு" என்றாள். மூன்றாம் வாரம் "கொரங்கு" என்றாள். கோமதி கைதட்டினாள். செஞ்சிக் கோட்டைப் பக்கம் வண்டி திரும்பும்போது பயணிகளிடம் தினமும் நான் சொன்ன சொல் அது. குரங்கு வரும், பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இப்போது முயன்றால் "கொடம்" என்று வந்தது. கோமதி என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையாட்டினாள். கைதட்டவில்லை.

ஆடு, குடை, மழை என்று யாழினிக்கு நாள்தோறும் ஒன்று வந்தது. என்னிடமிருந்து எடுத்து அவளுக்குக் கொடுக்கிறார்கள் என்று தோன்றியது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மடியில் உட்கார்ந்திருந்த என் குழந்தையின் மேல் எனக்கு வயிறெரிந்தது.

ஒருநாள் மதியம் அந்தப் புத்தகத்தை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினேன்.

யாழினி கட்டிலுக்கு அடியில் தேடினாள், தலையணையைப் புரட்டினாள். பிறகு என் முன் வந்து நின்றாள். "நைனா, புக்கு?"

"தெரியல," என்றேன்.

தெளிவாக, திக்காமல் வந்தது. நோய் வந்த பிறகு மாறாமல் வந்த முதல் முழுச் சொல். அடுப்படியிலிருந்து கோமதி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "இன்னாங்க, பேசுனீங்களா? இன்னொரு வாட்டி சொல்லுங்க!" கைதட்டினாள், அழுதாள். அம்மா தட்டியதைப் பார்த்து யாழினியும் தட்டினாள்.

சொல்லிப் பழகிய சொல் இப்படித் தானாக வந்துவிடும் என்று பயிற்சியாளர் பிறகு விளக்கினார். அன்று எனக்கு அது தெரியாது. நான் கேட்டு ஏங்கிய கைதட்டல் ஒரு பொய்க்குக் கிடைத்தது என்பது மட்டும் தெரிந்தது. விளக்கிச் சொல்ல வாய் இல்லை. கோமதியின் கையைப் பிடித்து டிரம்மிடம் கூட்டிப் போய்க் காட்டினேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "பெத்த கொழந்தகூடவா போட்டி போடுவீங்க?" என்றாள். பிறகு தணிந்த குரலில், "உங்க ரெண்டு பேரையும் நான்தான் பாக்குறேன். எனக்கு யாரு கைதட்டுனாங்க?"

டிரம்முக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து யாழினியிடம் கொடுத்தேன்.

அடுத்த மாதம் கோமதி துணிக்கடை வேலைக்குப் போனாள். மதியங்களில் நானும் யாழினியும் மட்டும். அவள் குரங்கின் வாலைத் தொட்டு "வாலு" என்பாள். அதோடு ஒரு சொல் சேர்க்க வேண்டும். எனக்கு வராது. தொண்டையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தைத் திருப்பாமல் என் வாயையே பார்ப்பாள். "நீ... நீள... வாலு." "நீளவாலு," என்பாள் அவள். சில சமயம் நான் தேடி முடிப்பதற்குள் அவளே ஒன்றைச் சேர்த்துவிடுவாள். "வாலு ஆடுது."

பெற்றோர் பலருக்கு இப்படிக் காத்திருக்க வருவதில்லை என்று பயிற்சியாளர் பாராட்டினார். அது பொறுமை இல்லை. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. நான் இப்போது சின்ன வாக்கியங்களில் பேசுகிறேன். இந்தக் கட்டுரையைச் சொல்லச் சொல்லக் கோமதி எழுதினாள், பல நாள் பிடித்தது. பேருந்து வேலை இனி இல்லை. யாழினி வாய் ஓயாமல் பேசுகிறாள். நேற்று எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மூச்சுவிடாமல் ஒரு கதை சொன்னாள். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நெஞ்சுக்குள் கொஞ்சம் எரியவும் செய்தது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முன்பு இரண்டு நிமிடத் தாமதத்துக்கு ஓட்டுநரைத் திட்டுவேன். இப்போது ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் ஆகிறது, யாரையும் திட்டுவதில்லை. வலது கையில் இன்னும் பாதி உணர்வுதான். படிக்கும்போது யாழினி அந்தப் பக்கமே வந்து உட்காருகிறாள். அவள் சாய்வது முதலில் தெரிவதில்லை. குனிந்து பார்க்கிறேன், தலை என் கைமேல் இருக்கிறது. அதற்குப் பிறகு மெதுவாகக் கனம் தெரிகிறது.

அது தெரியும்வரை நான் பக்கத்தைத் திருப்புவதில்லை.