இடது சீட்டில் ஆள் வேண்டும்

சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இது எனக்கு நடந்தது. செஞ்சியில், போன ஐப்பசி அமாவாசை அன்று.

என்னிடம் ஒரு 1974 மாடல் ஜீப் இருக்கிறது. அவலூர்பேட்டை பெரியதம்பியிடம் வாங்கினேன். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. மழை வந்தால் வைப்பரைக் கையால் ஆட்ட வேண்டும். பிரேக் மூன்றாவது மிதியில்தான் காது கொடுக்கும். இரண்டாவது கியர் போட்டால் லிவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். அதனால் இடது சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து லிவரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த உத்தியோகம் என் மனைவி வசந்தாவுக்கு. இதற்குத்தான் தாலி கட்டினாயா என்பாள். மெக்கானிக் வீராசாமி சரிசெய்து தருவதாகச் சொன்னார். வண்டியின் ஒரிஜினல் கெட்டுவிடும் என்று நான்தான் விடவில்லை. அவ்வளவு அறிவு எனக்கு.

அன்று மாலை மாமியார் ரத்தினம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் மேல்மலையனூர்க் கோயிலின் அமாவாசைக் கூட்டத்தில் மாட்டியிருந்தது. நல்ல மழை. ஜீப்பைக் கிளப்பினேன். பின்னால் மாமியாரைப் படுக்கவைத்து, வசந்தா மடியில் தாங்கிக்கொண்டாள்.

“மாப்ள... இந்த டப்பாலயா?” என்றார் மாமியார். பேச்சு வருகிறதே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கோட்டை மலைகளுக்கு நடுவே ரோடு இறங்கும் இடம். மணி ஆறே முக்கால். அப்போதுதான் உறைத்தது. ஒரு கை ஸ்டியரிங்கில். ஒரு கை வைப்பரில். லிவரைப் பிடிக்க ஆள் இல்லை. இறக்கத்தில் கியர் துள்ளினால், அந்த பிரேக்கை நம்பி மூன்று உயிர்.

“நான் முன்னாடி வரட்டா?” என்றாள் வசந்தா. அவள் குரல் அழுதது. அம்மாவை விட்டுவிட்டு எப்படி வருவாள்? வேண்டாம் என்றேன்.

இரண்டாவது கியர் போட்டேன். கையை எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

துள்ளவில்லை.

இடது சீட்டின் ஸ்பிரிங்... க்ரீச். ஆள் உட்கார்ந்தால் மட்டும் வரும் சத்தம்.

மழையால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மழைக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆளில்லை.

எப்போதும் குளிர்க்காய்ச்சல் வந்தவன் போல நடுங்கும் லிவர், அசையாமல் நின்றது.

பெரிய பள்ளம். ஜீப் தூக்கிப் போட்டது.

லிவர் அசையவில்லை.

இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை நான்.

க்ரீச்...

ஆஸ்பத்திரி வாசல். வண்டியை நிறுத்தி, லிவரை நியூட்ரலுக்கு இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அதன் குமிழ் சூடாக இருந்தது. கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... யாரோ ஒவ்வொரு விரலாக விடுவதுபோல விட்டது.

மாமியார் பிழைத்துக்கொண்டார். கண் திறந்ததும் ஜீப்பை விற்கச் சொன்னார்.

மறுவாரம் பெரியதம்பிக்குப் போன் செய்தேன். அந்த கியர் எப்போதாவது தானாக நிற்குமா என்று கேட்டேன். ஒருநாளும் நின்றதில்லை என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

“எங்க தம்பி குருதான் சார் புடிச்சிக்குவான். ஒருநாளு அவனுக்கே நெஞ்சுவலி. நான்தான் ஓட்டினேன். பின்னாடி படுடான்னா கேக்கல. எறக்கத்துல யாருண்ணா புடிப்பான்னு முன்னாடியே உக்காந்துக்கினான். வழியிலயே செத்துப் பூட்டான் சார். ஆனா கியர் துள்ளல. ஆஸ்பத்திரி வாசல்ல... ஒவ்வொரு வெரலா நாங்கதான் பிரிச்சி எடுத்தோம்.”

கியரைச் சரிபண்ணிவிடலாமா என்று வீராசாமி மறுபடியும் கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த முறை ஒரிஜினலுக்காக இல்லை.

தனியாகப் போகும்போதுகூட, இடது சீட்டில் நான் பை எதுவும் வைப்பதில்லை.