ஏழு துவக்குப் படங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் சுவிசில் பேர்ண் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி வழக்கு முடியவில்லை. தம்பியை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, அடுத்தது நான் என்பதுதான் என் வழக்கு. செவ்வாய்க்கிழமை இரண்டாவது விசாரணை; நம்பாவிட்டால் கொழும்புக்கு விமானம்.

அதற்கு முந்திய கிழமை ஓர் அமெரிக்கக் கிழவர் வந்து தங்கினார். அமெரிக்கா ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில், எமென்டால் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து அங்கே போய், துப்பாக்கிப் பட்டறை வைத்துத் துவக்குச் செய்து விற்ற ஒருவரின் வம்சமாம். இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்திய பூட்டனாரைத் தேடுகிறார்! எனக்கு ஆங்கிலமும் இந்த ஊர் ஜெர்மன் பாஷையான டொச் கொஞ்சமும் வரும் என்பதால், லீவு நாளில் அந்த ஊர்ப் பாதிரியாரோடு பேச உதவி கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

லீவு நாள் காலை எனக்கு முன்னதாக அந்த ஊருக்குப் போன கிழவர் ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தார். மேசையில் விட்ட உறையை நான் ரயிலில் கொண்டுவர வேண்டுமாம். என்னோடு வேலை செய்த மல்லாகத்து அண்ணை அதைப் பிரித்துப் பார்த்தார். ஏழு படங்கள். ஏழிலும் துவக்கு.

"உனக்கென்ன விசரோ? இதோடை பிடிபட்டா ஆயுத இயக்கமெண்டுதான் எழுதுவாங்கள்."

"கிழவற்றை பூட்டன் செய்த பழங்காலத்துத் துவக்கண்ணை."

"பொலிசுக்கு வகுப்பெடுக்கப் போறியோ?"

சொன்ன சொல்லுக்காகப் போனேன். வழியில் சீருடைப் பெடியன்கள் ஏறினார்கள். இந்த நாட்டில் இராணுவப் பயிற்சிக்குப் போகிறவர்கள் துவக்கோடு ரயிலில் ஏறுவது வழமை. தெரிந்தென்ன, உடம்பு கேட்டதா? ஒருவன் எதிரே இருந்து, துவக்கை முழங்காலிடையே நிறுத்திவிட்டு ஆப்பிள் கடித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். ஐயோ கடவுளே! கழிப்பறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டு, ஏழு படங்களையும் கிழித்துத் தண்டவாளத்தில் கொட்டினேன்.

தேவாலயத்துப் பழைய பதிவேட்டில், துவக்குக்காரரின் தகப்பன் கையெழுத்துக்குப் பதிலாகக் குடும்ப அடையாளம் ஒன்றைக் கீறியிருந்தார். துவக்குக் குழலிலும் அதே அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க, கிழவர் படங்களுக்குக் கையை நீட்டினார். நடந்ததைச் சொன்னேன். ஹோட்டலில் முறையிட்டால் வேலையும் போய், வழக்கும் போய்விடும் என்று பயந்தேன். அவரோ என் தோளில் தட்டி, நெகட்டிவ் மகளிடம் இருக்கிறது, கவலைப்படாதே என்றார். அந்த நல்ல மனிதர் மீது எனக்கு ஏனோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் தம்பியின் படம் ஒன்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஒன்றுகூடவா இல்லை என்றார் அதிகாரி.

"ஒண்டே ஒண்டுதான் இருந்தது. சாரணர் உடுப்போடை நிண்டவன். ஆமி சுத்திவளைச்ச அண்டைக்கு, சீருடையைக் கண்டா இயக்கமெண்டு அவனைச் சுட்டுப்போடுவாங்களெண்டு நான்தான் அடுப்புக்குள்ளை போட்டனான்."

நான் என்ன சொன்னேன் என்று அதிகாரி பக்கத்திலிருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளரை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.