ரிஸ்பெக் மாட்டிய சைரன்

நாரின் என்ற மலையூரில் காருக்கு அலாரம் மாட்ட வேண்டுமென்றால் ரிஸ்பெக்கிடம்தான் போக வேண்டும். போனால் அவன் பேச்சையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கை ஒரு பங்கு வேலை செய்தால் வாய் மூன்று பங்கு செய்யும். ஆனாலும் வேலையில் ஒரு குறை சொல்லிவிட முடியாது. பானட்டைத் திறந்ததும் பேட்டரியின் மைனஸைத்தான் முதலில் கழற்றுவான். "பிளஸ்ஸ முதல்ல கழட்டறேன்னு போயி ஸ்பானர் பாடியில பட்டுச்சுன்னா பொறி பறக்கும், கூடவே உன் புருவமும் பறக்கும்" என்பான். பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இல்லாத ஒயரைக் கண்டுவிட்டால் போதும், அதை இழுத்தவனின் ஏழு பாட்டன்மார் பெயரையும் சந்திக்கு இழுத்துவிடுவான்.

இவ்வளவு பேசுகிறவனுக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை. பெண் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் ஐஜார்கின். அவளுக்கும் இவன்மேல் ஆசைதான். குறுக்கே நந்தி மாதிரி நின்றது அவளுடைய அண்ணன் சாகினாலி. அந்த ஊர் வழக்கப்படி, மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் காதில் கம்மல் போட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ரிஸ்பெக்கின் அம்மா கம்மலை வாங்கி வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. சாகினாலி "ஆடு குட்டி போடட்டும்" என்பார், குட்டி போட்டதும் "கம்பளி வெட்டட்டும்" என்பார். மனைவியை இழந்த மனுஷன், தங்கை போய்விட்டால் வீட்டில் யார் மாவு பிசைவார்கள் என்ற கவலை. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கம்.

அந்தக் குளிர்காலத்தில் பட்டப்பகலில் சந்தையில் யாரோ அவர் காரைத் திறந்து ஆட்டுத்தோல் கோட்டை அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நேராக ரிஸ்பெக்கிடம் வந்தார்.

"டேய், நல்லதா ஒரு அலாரம் மாட்டு. உன் வேலையப் பாத்துட்டு மத்தத யோசிக்கலாம்."

ரிஸ்பெக்குக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அவர் குடியிருப்பின் முற்றத்துக்கு வந்து வேலையில் இறங்கினான். மைனஸைக் கழற்றி ஓரமாக மடக்கினான். ஃபியூஸ் வைத்தான். எர்த் ஒயருக்காகப் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கிற இரும்பில் போல்ட்டை இறுக்கினான். மற்ற ஒயரைத் தகடு அறுக்காமல் ரப்பர் வளையத்துக்குள் நுழைத்தான். வருங்கால மச்சானாயிற்றே என்று, சொந்த பேட்டரியுள்ள சைரன் ஒன்றையும் சேர்த்தான். டீ கொண்டுவந்த ஐஜார்கினிடம் அதன் பெருமையைச் சொன்னான்.

"திருடன் கார் பேட்டரிய உருவினாலும் இது கத்தும். இன்னும் ஜாஸ்தியாக் கத்தும். ரிமோட்டுக்கெல்லாம் அடங்காது, இந்தச் சாவியத் திருப்பினாத்தான் அடங்கும்."

"அப்படியா? சாவிய எங்கிட்ட குடுங்க. அண்ணன் எங்கயாச்சும் தொலைச்சிடுவாரு" என்றாள் அவள்.

கொடுத்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனான், மடையன்.

நாரின் குளிரில் எவனாவது பேட்டரியை ராத்திரி காரில் விட்டு வைப்பானா? விட்டால் காலையில் அது விறைத்த பிணம். பொழுது சாய்ந்ததும் ஊரே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் தூக்கிப்போகும். சாகினாலி வீட்டில் மூன்று மாடி ஏற்றுவது ஐஜார்கினின் வேலை. அன்று சாயங்காலம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இடுப்பு பிடிச்சிக்கிச்சு அண்ணே. இன்னிக்கு மட்டும் நீங்க தூக்கிட்டு வாங்களேன்."

முனகிக்கொண்டே இறங்கிப்போன சாகினாலி மைனஸைக் கழற்றினார். சைரன் ஓலமிட்டது. முற்றத்து நாய்கள் எல்லாம் கூடவே ஊளையிட்டன. பதறிப்போன மனுஷன் பிளஸ்ஸையும் பிடுங்கி, பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார். காதுவரை இழுத்துவிட்ட தொப்பி, இருட்டு வேறு. எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பயில்வான் திலேபால்டி பாய்ந்து கழுத்துப்பட்டையைப் பிடித்தான்.

"அகப்பட்டியா! அன்னிக்குக் கோட்டு, இன்னிக்கு பேட்டரியா?"

"நான் சாகினாலிடா!"

"அவர் கார்லயே திருடிட்டு அவர் பேரையே சொல்றியா?"

ஜன்னல்கள் திறந்தன, ஆட்கள் கூடினார்கள். அடுத்த தெருவிலிருந்து ரிஸ்பெக் மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்தான். கையும் களவுமாகச் சிக்கியிருந்தது யார் என்று தெரிந்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. கல்யாணம் கைநழுவிப் போயிற்று என்றே நினைத்தான்.

"நாசமாப் போறவனே, நிறுத்துடா இத! உனக்குப் பொண்ணும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!" என்று கத்தினார் சாகினாலி.

அப்போதுதான் ஐஜார்கின் படியிறங்கி வந்தாள். இடுப்பில் ஒரு வலியையும் காணோம். கையில் சாவி இருந்தது.

"நான் நிறுத்தறேன் அண்ணே. வெள்ளிக்கிழமை கம்மல் போட வரச் சொல்லட்டுமா?"

"முதல்ல நிறுத்து!"

"முதல்ல சொல்லுங்க."

"நீ போயிட்டா வீட்ல யாருடி இருக்கா? இந்தச் சனியன யாரு மேல தூக்குவா?"

கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு திலேபால்டி வாயைப் பிளந்தான். "என்னண்ணே இது? பேட்டரி தூக்க ஆள் வேணும்னுதானா ரெண்டு வருஷமா அவளுக்குக் கல்யாணம் பண்ணாம வச்சிருக்கீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாகினாலி எல்லார் முகத்தையும் பார்த்தார். எங்கே திரும்பினாலும் சிரிப்பு, காதுக்குள் சைரன்.

"வரச் சொல்லு! வெள்ளிக்கிழமையே வந்து போட்டுட்டுப் போகச் சொல்லு!"

சாவியைத் திருப்பினாள். முற்றம் அமைதியானது. ஊர் நடுவில் கொடுத்த வாக்கு, இனி அவர் நினைத்தாலும் விழுங்க முடியாது. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப்போனார்.

கூட்டம் கலைந்ததும் ரிஸ்பெக் மெதுவாகக் கேட்டான். "இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"உங்களுக்குத் தெரியாமப் போச்சே, அதான் ஆச்சரியம். உங்க பேட்டரி இப்ப எங்க இருக்கு?"

"எங்கம்மா கட்டிலுக்கடியில."

"ரெண்டு வருஷமா நீங்க கேட்டீங்க, எங்கண்ணன் காதுல விழல. இன்னிக்கு விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஐஜார்கின் மாடிக்குப் போனாள்.

ரிஸ்பெக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.