சாம்பல் கையுறை, நீலக் கையுறை

கண்ணை மூடிக்கொண்டுதான் அக்கா வண்டிக்கு அடியில் கையை விடுவார். லிஃப்ட் உயர்ந்து நின்றதும், முன்சக்கரத்தின் உட்பக்கம் தொடங்கிப் பின்சக்கரம் வரை விரல்கள் தடவிக்கொண்டே போகும். எங்காவது நின்றால் அங்கே ஒரு கசிவோ, தளர்ந்த போல்ட்டோ இருக்கும். விளக்கை அதன் பிறகுதான் போடுவார். “கண்ணு பெயிண்ட்டைப் பாத்தே மயங்கிடும் சார். கைக்கு அந்த வியாதி இல்ல” என்பார்.

வயது நாற்பத்தாறு. நான் கார் விடும் சர்வீஸ் நிலையத்தில் மூத்த மெக்கானிக். அதற்கு இரண்டு வாசல். பெருஞ்சாலைப் பக்கம் கண்ணாடிக் கூடம்; அங்கே சொகுசு வண்டிகள், காப்பி, தாழ்ந்த குரல்கள். சந்துப் பக்கம் தகரக் கதவு. அங்கே என்னுடையது போன்றவை. இரண்டையும் வேறு வேறு பெயரில் செய்வது ஒரே நிறுவனம்தான். மேலுடம்பு வேறு, இருக்கை வேறு, விலை வேறு. அடித்தளம் மட்டும் ஒன்று. எந்த வாசல் வழியாக வந்தாலும் பின்னால் ஒரே பட்டறையில்தான் அடுத்தடுத்த லிஃப்டில் ஏறுகின்றன. நடுவே சக்கரம் வைத்த ஒரு திரை நிற்கும். சொகுசு வண்டிக்காரர்களை அதைத் தாண்ட விடுவதில்லை.

கையுறைக்கும் விதி உண்டு. சொகுசு வண்டிக்குச் சாம்பல், சாதாரண வண்டிக்கு நீலம். மற்றவர்கள் மேலாளர் வரும்போது மட்டும் மாற்றுவார்கள். இவர் யாருமில்லாத நேரத்திலும், ஒரே ஒரு போல்ட்டை முறுக்கவேண்டியிருந்தாலும், கழற்றி, கை கழுவி, மற்றதை மாட்டிக்கொண்டுதான் போவார். ‘கிளவுஸ் அக்கா’ என்ற பெயர் அப்படி வந்தது. பதினோரு ஆண்டுகளில் இருபத்துமூன்று முறை என் வண்டியை அவரிடம் விட்டிருக்கிறேன். ஒருமுறைகூட நிறம் மாறியதில்லை. தையல்கடை வைத்திருக்கும் கணவர், “எனக்கு எந்தக் கலர்?” என்று கேட்பாராம். “உங்களுக்கு வெறுங்கைதான்” என்று பதில் வருமாம்.

அப்படிப்பட்டவரின் காலை வாரிவிட்டது அவருடைய சுத்தம்தான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கும் விடுதிகள் நடத்தும் ஒருவரின் சொகுசு வண்டியும் என் வண்டியும் ஒரே பழுதோடு வந்தன: இடது முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையில், அதிர்வு தாங்கும் ரப்பர் வளையமான புஷ் தேய்ந்திருந்தது. இரண்டு ஆர்மையும் கழற்றி, சாக்பீஸால் அடையாளமிட்டு, ஒரே தட்டில் வைத்தார். புதுப் புஷ் ஏற்றியபின், மாட்டுவதற்கு முன் வழக்கம்போலப் பளிச்சென்று துடைத்தார். அழுக்கோடு சாக்பீஸும் போயிற்று. அதுவும் இதுவும் இடம் மாறின. எட்டாம் நாள் வேலைப் புகைப்படங்களைக் கோப்பில் சேர்க்கும்போதுதான், சொகுசு வண்டி ஆர்மில் மட்டும் அச்சாகியிருக்கும் சின்ன வட்டம் என் வண்டிக்கு அடியில் இருப்பதைப் பார்த்தார்.

மேலாளர் அவரைவிட இளையவர், நல்லவர். தான் அன்று சொன்னதை என்னிடம் பிறகு மறைக்காமல் சொன்னார். “அக்கா, ரெண்டு வண்டிக்கும் ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சினையே. உங்க வண்டில சாதா ஆர்ம் ஓடுது, உங்களுக்கே தெரியலன்னு அந்த விடுதிக்காரர்கிட்ட நாமளே போய்ச் சொல்லணுமா?” ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்பது அவர் யோசனை. விடுதிக்காரர் மேலிடத்தில் புகார் செய்தால் அக்காவின் வேலையைத் தன்னால் காப்பாற்ற முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். அக்காவின் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீடு ஓடுவது பெரும்பாலும் இவர் சம்பளத்தில். “மாட்டினது நான். சொல்றதும் நானே சொல்லிடறேன் சார்” என்று அக்கா போனை எடுத்திருக்கிறார்.

எனக்கும் வந்தது அந்தப் போன். “சார், உங்க வண்டில ஒரு பார்ட் மாறிப் போச்சு. பயப்படாதீங்க, நல்லாத்தான் ஓடும். ஆனா அது உங்களுது இல்ல.”

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு இரண்டு வண்டிகளும் லிஃப்டில் இருந்தன. ஆர்ம்கள் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. விடுதிக்காரர் யாரையும் கேட்காமல் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தார், பிறகு தன்னுடையதை.

“இதுல என்னோடது எது?”

சாம்பல் கையுறை விரல் வட்டத்தைக் காட்டியது.

“அந்த வட்டத்தைத் தவிர?”

மேலாளர் தொண்டையைச் செருமினார். அக்கா இரண்டு ஆர்மையும் தட்டின் விளிம்புக்கு நகர்த்தினார். பிறகு, “கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கிப் பாருங்க சார்” என்றார்.

விடுதிக்காரர் போனையும் சாவியையும் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அக்கா ஒவ்வொரு கையிலும் ஒன்றைக் கொடுத்தார். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் அப்படியே நின்றார் மனிதர். அவர் கண்ணைத் திறந்ததும் மேலாளர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அவர் தலையசைத்து நிறுத்திவிட்டார்.

“நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா” என்றார். பிறகு மேலாளரிடம், “இனிமே என் வண்டிய இவங்கதான் தொடணும்.” உள்ளங்கைகளில் ஒட்டிய எண்ணெயோடு கண்ணாடிக் கூடத்துக்குப் போனார். திரையை மூடவில்லை.

வட்டம் போட்டதை அவர் வண்டியில் மாட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. இரண்டாவது ஆர்மை எடுத்துக்கொண்டு அக்கா என் வண்டிப் பக்கம் வந்தார். கை கழுவும் தொட்டிக்கு மேலே நீலக் கையுறை கொக்கியில் தொங்கியது. அதைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சாம்பல் கையுறையோடேயே என் வண்டிக்கு அடியில் கையை விட்டார்.